உங்களுக்குத் தெரியுமா? பிராக் நகரமா, க்ரும்லோவ் ஊரா?

செக் குடியரசுக்கு முதன்முறை போகிறவர்களை ஒரு கேள்வி விடாமல் துரத்தும். கையில் இருப்பது ஐந்தாறு நாள் விடுப்பு. தலைநகர் பிராகிலேயே தங்கி ஆற அமரப் பார்ப்பதா, அல்லது தெற்கே ஓர் ஆற்று வளைவுக்குள் அடங்கியிருக்கும் செஸ்கி க்ரும்லோவ் என்ற இடைக்காலச் சிற்றூருக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவதா? இரண்டையும் நேசிக்கிறவன் நான். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பிராகுக்குப் பகல்களைக் கொடுங்கள், க்ரும்லோவுக்கு இரவுகளைக் கொடுங்கள். ஏன் என்பதைக் கீழே வரும் துணுக்குகளில் பாருங்கள்.

ஒரே ஆறு

இரண்டு ஊர்களும் ஒரே ஆற்றங்கரையில்தான் இருக்கின்றன. ஷுமாவா மலைக்காட்டில் பிறக்கும் வல்டாவா முதலில் க்ரும்லோவை வளைத்துக்கொண்டு ஓடி, பிறகு பிராகின் பாலங்களுக்கு அடியில் புகுந்து, மெல்நிக் என்ற இடத்தில் எல்பே ஆற்றோடு கலக்கிறது. மொத்த நீளம் சுமார் 430 கி.மீ. மலையில் வெட்டிய மரங்களைத் தெப்பமாகக் கட்டி இந்த ஆற்றின் வழியே பிராகுக்கு அனுப்பிய காலம் உண்டு. அந்தத் தெப்பத் தொழிலை, ஐரோப்பாவின் வேறு சில நாடுகளின் தெப்பத் தொழிலோடு சேர்த்து, 2022இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் ஏற்றியது. இசையமைப்பாளர் ஸ்மெதானா இந்த ஆற்றின் பயணத்தை, ஊற்றிலிருந்து பிராக் வரை, இசையாக எழுதியது 1874இல். அப்போது அவருக்குக் காது முற்றிலும் கேட்காமல் போயிருந்தது.

ஒரே ஆண்டில் கிடைத்த பட்டம்

பிராகின் பழைய நகரப் பகுதி, செஸ்கி க்ரும்லோவ், தெல்ச் என்ற மற்றோர் ஊர் ஆகிய மூன்றும் ஒரே கூட்டத்தில், 1992 டிசம்பரில், உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. அப்போது அவை இருந்த நாட்டின் பெயர் செக்கோஸ்லோவாக்கியா. அந்த மாதம் முடிந்ததும் அந்த நாடே இரண்டாகப் பிரிந்துவிட்டது. யுனெஸ்கோவின் கண்ணில் தலைநகருக்கும் சிற்றூருக்கும் அன்று ஒரே மதிப்பு என்பதை, க்ரும்லோவைப் "போகிற வழியில் எட்டிப் பார்க்கும் ஊர்" என்று நினைப்பவர்கள் மனத்தில் வைக்க வேண்டும்.

அளவு

பிராகில் வாழ்பவர்கள் ஏறத்தாழ 14 லட்சம் பேர். க்ரும்லோவில் சுமார் 13,000 பேர். பிராகில் மூன்று மெட்ரோ பாதைகளும் ஊர் முழுக்க ஓடும் டிராம்களும் இல்லாமல் கால் தாங்காது. க்ரும்லோவின் பழைய ஊரை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பத்து நிமிடத்தில் நடந்து கடந்துவிடலாம்.

தலைநகருக்குள்ளேயே ஓர் இடைக்கால ஊர்

"பிராக் நவீன நகரம், இடைக்காலம் பார்க்க வேண்டுமானால் சிற்றூருக்குத்தான் போக வேண்டும்" என்று சிலர் சொல்வது சரியில்லை. பிராகின் பழைய நகரத்தில் நீங்கள் நடக்கும் தெருவுக்குக் கீழே இன்னொரு நகரம் புதைந்திருக்கிறது. ஆற்று வெள்ளத்துக்கு அஞ்சி 13ஆம் நூற்றாண்டில் தெருமட்டத்தை மண் கொட்டி உயர்த்தினார்கள். அதற்கு முன் கட்டிய கல்வீடுகளின் தரைத்தளம் அப்படியே நிலவறையாகிப் போனது. இன்று படியிறங்கிப் போகிற பல உணவகங்களும் மதுக்கூடங்களும் அந்தப் பழைய தரைத்தளங்கள்தான். அங்கே உட்கார்ந்து சூப் குடிக்கும்போது ஒரு காலத்தில் தெருவைப் பார்த்தபடி இருந்த அறைக்குள் இருக்கிறீர்கள்.

திட்டமிட்டுப் பெருக்கிய நகரம்

மன்னர் நான்காம் சார்லஸ் 1348ஆம் ஆண்டிலேயே பிராகுக்கு இரண்டு பெரிய காரியங்களைச் செய்தார். ஒன்று, இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கும் பல்கலைக்கழகம். மற்றொன்று, பழைய நகரத்தைச் சுற்றி ஒரு புதிய நகரம். "புதிய" என்பது இன்றும் அதன் பெயர். வயது ஏறக்குறைய 680. அந்தப் புதிய நகரத்தின் நடுவே குதிரைச் சந்தைக்கும் மாட்டுச் சந்தைக்கும் விசாலமான இடம் ஒதுக்கினார்கள். கூட்டங்களும் போராட்டங்களும் நடக்கிற இன்றைய வென்செஸ்லாஸ் சதுக்கம் அந்தக் குதிரைச் சந்தைதான்.

1-3-5-7-9-7-5-3-1

1342இல் வந்த வெள்ளம் பிராகின் பழைய கல்பாலத்தை அடித்துக்கொண்டு போனது. புதிய பாலத்துக்கு நான்காம் சார்லஸ் அடிக்கல் நாட்டியது 1357, 7ஆம் மாதம் 9ஆம் நாள், காலை 5 மணி 31 நிமிடம் என்பது செவிவழி மரபு. செக் வழக்கப்படி ஆண்டு, நாள், மாதம், மணி, நிமிடம் என்று எழுதினால் 1-3-5-7-9-7-5-3-1. முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றே. சோதிடத்தில் ஈடுபாடு கொண்ட அரசர் இந்த நேரத்தை நல்ல முகூர்த்தமாகத் தேர்ந்தார் என்கிறார்கள். நாள் பார்த்து வேலை தொடங்கும் நமக்கு இதைக் கேட்டால் வியப்பு வராது. சுமார் 516 மீட்டர் நீளமுள்ள அந்தப் பாலத்துக்குச் சார்லஸ் பாலம் என்ற பெயர் நிலைத்தது மட்டும் 1870இல். அதுவரை கல்பாலம் என்றே சொல்லி வந்தார்கள்.

அவித்த முட்டைகள்

அந்தப் பாலத்தின் சாந்து இறுகுவதற்கு முட்டை தேவைப்பட்டதாம். நாடெங்கும் உள்ள ஊர்களுக்கு ஆணை போனது. தலைநகரிடம் நல்ல பெயர் வாங்க நினைத்த வெல்வரி என்ற சிற்றூர், வழியில் உடைந்துவிடக் கூடாதே என்று முட்டைகளை அவித்தே அனுப்பியதாம். இது கதைதான். ஆனால் தலைநகர்க்காரர்கள் சிற்றூர்க்காரர்களை எப்படிப் பார்த்தார்கள் என்பதை இந்தக் கதை நன்றாகவே சொல்கிறது.

கண்ணைக் குருடாக்கிய கதை

பிராக் பழைய நகரச் சதுக்கத்தின் வானியல் கடிகாரம் 1410இல் அமைக்கப்பட்டது. அந்த வகையில் இன்றும் ஓடுகிற கடிகாரங்களில் இதுவே மிகப் பழமையானது. செய்த கைவினைஞர் வேறெங்கும் இதுபோல் செய்துவிடாதபடி அவர் கண்ணைப் பறித்தார்கள் என்று வழிகாட்டிகள் சொல்லும் ஹனுஷ் கதை உண்மையல்ல. உண்மையில் செய்தவர் கடான் ஊரைச் சேர்ந்த மிக்குலாஷ். வானியல் கணக்குகளில் ஷிண்டெல் என்ற பேராசிரியரின் பங்கு உண்டு என்று கருதுகிறார்கள். மணி அடிக்கும்போது மேலே அப்போஸ்தலர் பொம்மைகள் வலம் வரும். எல்லோரும் அதற்காகத்தான் கழுத்தை நிமிர்த்திக் காத்து நிற்கிறார்கள். 1945 மே மாதச் சண்டையில் எரிந்து போனபின் புதிதாகச் செதுக்கி வைத்த பொம்மைகள் அவை. நீங்கள் பொம்மைகளை விட்டுவிட்டுக் கடிகார முகப்பைப் பாருங்கள். சூரியன் மறையும் பொழுதிலிருந்து 24 மணி எண்ணும் பழைய பொஹீமிய, அதாவது செக், நேரத்தை அது இன்றும் காட்டிக்கொண்டிருக்கிறது.

585 ஆண்டுகள்

பிராக் கோட்டைக்குள் இருக்கும் புனித வீட்டஸ் பேராலயத்தின் வேலை 1344இல் தொடங்கி 1929இல் முடிந்தது. அந்தப் பேராலயத்துக்குள் பொஹீமியாவின் மணிமுடி இருக்கும் அறைக் கதவுக்கு ஏழு பூட்டு. ஏழு சாவிகளும் ஏழு பேரிடம்: குடியரசுத் தலைவர், பிரதமர், பேராயர், நாடாளுமன்றத்தின் இரு அவைத் தலைவர்கள், பேராலயக் குருக்கள் குழுவின் தலைவர், பிராக் மேயர். ஏழு பேரும் கூடினால்தான் கதவு திறக்கும்.

க்ரும்லோவின் ஊர்க்கோயிலும் இதே புனித வீட்டஸ் பெயரில்தான் இருக்கிறது. அதன் கோபுரமும் கோட்டைக் கோபுரமும் ஆற்றின் இரு கரைகளிலும் எதிரெதிரே நிற்பதுதான் க்ரும்லோவின் எல்லாப் படங்களிலும் நீங்கள் பார்க்கும் காட்சி.

பெரியதும் அதற்கு அடுத்ததும்

பழங்காலக் கோட்டை வளாகங்களில் உலகிலேயே மிகப் பெரியது என்று பிராக் கோட்டையைக் கின்னஸ் நூல் பதிந்திருக்கிறது. பரப்பு ஏறத்தாழ 70,000 சதுர மீட்டர். செக் நாட்டில் அதற்கு அடுத்த பெரிய கோட்டை எங்கே என்று நினைக்கிறீர்கள்? 13,000 பேர் வாழும் க்ரும்லோவில். 40 கட்டடங்கள், ஐந்து முற்றங்கள்.

இரண்டிலும் முற்றங்கள் வழியே நடக்கக் கட்டணம் கிடையாது. உள்ளே போகும் கட்டடங்களுக்குத்தான் சீட்டு. இதை அறியாமல் "சீட்டு வரிசை நீளம்" என்று வாசலோடு திரும்பிவிடுகிறவர்களைப் பார்த்தால் மனம் கேட்பதில்லை. க்ரும்லோவ் கோட்டையின் மாடம் மாடமாய் அடுக்கிய மேலங்கிப் பாலத்தில் நின்று ஊரைப் பார்க்க ஒரு காசும் செலவில்லை.

ஐந்திதழ் ரோஜா

க்ரும்லோவை 1302 முதல் 300 ஆண்டுகள் ஆண்டது ரோசன்பெர்க் குடும்பம். கேடயச் சின்னம் ஐந்து இதழ் ரோஜா. ஊரின் சுவர்களில் இன்றும் அது கண்ணில் படும்; ஜூனில் அந்த ரோஜாவின் பெயரால் இடைக்கால உடையணிந்து ஊரே திரண்டு விழா எடுக்கிறது. குடும்பத்தின் கடைசி வாரிசு பேட்டர் வோக் கடன் முற்றி, 1602இல் ஊரையும் கோட்டையையும் பிராகில் இருந்த பேரரசர் இரண்டாம் ருடால்ஃபுக்கு விற்றார்.

அதன்பிறகு நடந்ததுதான் கொடுமை. ருடால்ஃபின் மணவுறவுக்கு வெளியே பிறந்த மகன் டான் ஜூலியஸ் மனநிலை பிறழ்ந்தவர். தலைநகரில் அவரை வைத்துக்கொள்ள முடியாமல் க்ரும்லோவ் கோட்டைக்கு அனுப்பினார்கள். அங்கே நாவிதர் ஒருவரின் மகள் மார்கேதா அவரிடம் சிக்கி, 1608இல் கொலையுண்டாள். தலைநகர் தன் தொல்லையைச் சிற்றூரின் தலையில் கட்டியதற்கு அந்தப் பெண் உயிரைக் கொடுத்தாள். கோட்டைக்கும் ஊருக்கும் நடுவில் இருக்கும் பாலத்துக்கு இன்றும் நாவிதர் பாலம் என்றே பெயர்.

அகழியில் கரடிகள்

க்ரும்லோவ் கோட்டை வாசலில் அகழியில் தண்ணீர் இல்லை, கரடிகள் இருக்கின்றன. இத்தாலியின் ஓர்சினி பிரபுக்கள் தங்கள் உறவினர் என்று ரோசன்பெர்க்குகள் சொல்லிக்கொண்டார்கள். ஓர்சினிகளின் சின்னம் கரடி என்பதால் அந்த வழக்கம் வந்தது. குழந்தைகள் விரும்பிப் பார்க்கிறார்கள். எனக்கு அந்த இடத்தில் அதிக நேரம் நிற்க மனம் வருவதில்லை. மலைக்காட்டில் திரிய வேண்டிய விலங்குக்கு ஒரு பள்ளம் போதாது.

இரண்டு அரங்குகள்

மோட்சார்ட்டின் 'டான் ஜோவான்னி' முதன்முதலாக அரங்கேறியது வியன்னாவில் அல்ல. பிராகில், 1787 அக்டோபர் 29 அன்று. அது நடந்த எஸ்டேட்ஸ் அரங்கில் இன்றும் சீட்டு வாங்கி ஓபரா பார்க்கலாம்.

க்ரும்லோவ் கோட்டைக்குள்ளும் 18ஆம் நூற்றாண்டு அரங்கு ஒன்று உண்டு. 1760களில், பின்னாளில் க்ரும்லோவை ஆண்ட ஸ்வார்சன்பெர்க் குடும்பத்துப் பிரபு ஒருவர் புதுப்பித்துக் கட்டியது. பிராக் அரங்கு காலத்துக்கேற்ப மாறிக்கொண்டே வந்தது. இது மாறாமல் நின்றுவிட்டது. வண்ணத் திரைகள், உடைகள், மேடைக்கு அடியில் சக்கரமும் கயிறுமாய் அமைந்த மரப்பொறி எல்லாம் அந்தக் காலத்தவையே. அடியில் ஆட்கள் உருளையைச் சுழற்றினால், மேலே மாளிகை மறைந்து காடு வந்து நிற்கும். அதற்குச் சில நொடிகள் போதும். இவ்வளவு முழுமையாக மிஞ்சியிருக்கும் பரோக் அரங்குகள் உலகில் மிகச் சில. ஸ்வீடனின் ட்ரோட்னிங்ஹோல்ம் இன்னொன்று. மே முதல் அக்டோபர் வரைதான் திறந்திருக்கும், ஒருமுறைக்குச் சிலரையே உள்ளே விடுவார்கள். க்ரும்லோவில் ஒரே ஒரு சீட்டுதான் வாங்குவீர்கள் என்றால் இதை வாங்குங்கள்.

மறதி காத்த ஊர்

க்ரும்லோவ் ஏன் இடிபடாமல் தப்பியது? யாரும் அக்கறையோடு காத்ததால் மட்டும் அல்ல. 19ஆம் நூற்றாண்டில் ஸ்வார்சன்பெர்க்குகள் தங்கள் முதன்மை வாசத்தை ஹ்லுபோகா கோட்டைக்கு மாற்றிக்கொண்டார்கள். பெருந்தொழிலும் முக்கிய ரயில் பாதையும் ஊரை ஒட்டி வரவில்லை. ஊரில் பெரும்பான்மையோர் ஜெர்மன் பேசியவர்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அவர்களை நாட்டை விட்டே வெளியேற்றினார்கள். வீடுகள் காலியாகின. கம்யூனிச ஆட்சிக் காலத்தில் அவற்றை இடித்துப் புதிதாகக் கட்டவும் பணமில்லை, பழுது பார்க்கவும் ஆளில்லை. சுவரில் காரை உதிர்ந்து, கூரை தளர்ந்து, ஆனால் உருவம் மாறாமல், அந்த ஆட்சி வீழ்ந்த 1989 வரை ஊர் வந்து சேர்ந்தது. இன்று அதன் அழகைப் பார்த்து மகிழ்கிற நாம், அந்த வீடுகளில் தலைமுறை தலைமுறையாய் இருந்தவர்கள் ஒரு பெட்டியோடு போனதையும் அறிந்துகொண்டு நடப்பது நல்லது.

ஊர் துரத்திய ஓவியர்

ஓவியர் எகோன் ஷீலேயின் தாய் பிறந்த ஊர் க்ரும்லோவ். வியன்னாவின் நெரிசல் பிடிக்காமல் 1911இல் அவர் இங்கே குடிவந்தார். மணமாகாமல் ஒரு பெண்ணோடு வாழ்ந்ததும், ஆடையற்ற உருவங்களை வரைந்ததும் ஊராருக்குப் பொறுக்கவில்லை. சில மாதங்களில் கிளம்ப வேண்டியதாயிற்று. ஆனாலும் இந்த ஊரின் நெருக்கியடித்த கூரைகளை அவர் திரும்பத் திரும்ப வரைந்தார். பழைய மதுவடிப்பாலை ஒன்றில் அவர் பெயரில் 1993 முதல் கலை மையம் நடக்கிறது. சிற்றூரின் நெருக்கம் சிலருக்கு அரவணைப்பு, சிலருக்கு மூச்சுமுட்டல். பயணியாகப் போகும் நமக்கு முதலாவது மட்டுமே கிடைக்கிறது.

வாழ்வதற்குச் சம்பளம்

2018 கோடையில் செக் கலைஞர் கத்தேரினா ஷெடா, க்ரும்லோவின் நடு ஊரில் சில குடும்பங்களைக் குடியேற்றினார். வேலை என்ன? வழக்கமான வாழ்க்கை வாழ்வது: துணி காயப்போடுவது, வாசல் பெருக்குவது, குழந்தையோடு தெருவில் நடப்பது. அதற்குச் சம்பளம். வெனிஸ் கட்டடக்கலைக் கண்காட்சியில் செக், ஸ்லோவாக் நாடுகளின் அரங்காக இதைத்தான் வைத்தார்கள். பழைய ஊருக்குள் நிரந்தரமாக வாழ்பவர்கள் சில நூறு பேராகச் சுருங்கி, வீடுகள் எல்லாம் விடுதியும் கடையுமாக மாறியதைச் சுட்டிக்காட்டவே அவர் அப்படிச் செய்தார். 2019 முதல் சுற்றுலாப் பேருந்துகள் முன்பதிவு செய்து கட்டணம் கட்டித்தான் இங்கே ஆட்களை இறக்க முடியும்.

பதினோரு மணிக்கு ஓர் ஊர், ஏழு மணிக்கு ஓர் ஊர்

பிராகிலிருந்தும் ஆஸ்திரியாவின் லின்ஸ், வியன்னா நகரங்களிலிருந்தும் கிளம்பும் ஒருநாள் சுற்றுலாக்கள் க்ரும்லோவுக்கு முற்பகலில் வந்து சேர்ந்து மாலைக்குள் திரும்பிவிடுகின்றன. இடைப்பட்ட நேரத்தில் கோடையில் அந்தச் சின்னத் தெருக்களில் எள் போட்டால் எள் விழாது. ஒருநாள் பயணமாகப் போகிற எல்லோரும் பார்ப்பது இந்த நேரத்து க்ரும்லோவைத்தான். பார்த்துவிட்டு, "அழகுதான், ஆனால் சந்தைக்கடை" என்று சொல்லித் திரும்புகிறார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. அவர்கள் வண்டியேறிய பிறகு ஊர் தன் நிலைக்கு வருகிறது. தடுப்பணையில் தண்ணீர் விழும் ஓசை தெருவரை கேட்கும். கோட்டைக் கோபுரத்தின் வண்ணத்தில் மாலை வெயில் ஏறும். விடியலில் ஆற்றின் மேல் பனிமூட்டம். இதெல்லாம் அங்கே இரவு தங்குபவருக்கு மட்டும். போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம் செலவழித்து, ஊர் அதிகமாய்த் திணறும் ஐந்து மணி நேரத்தை மட்டும் பார்த்து வருவதைவிட, போகாமல் பிராகிலேயே இருந்துவிடலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

பிராகின் இரவு

தலைநகரின் இரவு வேறு விதம். மலிவான மதுவுக்காகக் கூட்டம் கூட்டமாக வந்து பழைய நகரத்தில் கூச்சலிடுகிறவர்களால் அங்கே குடியிருப்பவர்கள் பல ஆண்டுகள் தூக்கம் கெட்டார்கள். 2024இல் மாநகராட்சி, வழிகாட்டியோடு கூட்டமாக மதுக்கூடம் மதுக்கூடமாகப் போகும் இரவுச் சுற்றுலாக்களைத் தடை செய்தது. இரவு 10 முதல் காலை 6 வரை தடை. சார்லஸ் பாலத்தைப் பார்க்க விரும்பினால் இரவில் போக வேண்டாம், சூரியன் எழும் நேரத்தில் போங்கள்.

பிராகில் தமிழ்

தமிழ் இலக்கிய வரலாற்றை உலகத்துக்கு எடுத்துச் சொன்ன அறிஞர் கமில் சுவலபில் 1927இல் பிராகில் பிறந்தவர். சார்லஸ் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தார். 1968இல் சோவியத் படைகள் நாட்டுக்குள் புகுந்தபின் வெளியேறி, பின்னாளில் நெதர்லாந்தில் பேராசிரியராக இருந்தார். முருகன் பெயரைத் தலைப்பில் தாங்கி அவர் ஆங்கிலத்தில் எழுதிய தமிழ் இலக்கிய நூல் 1973இல் வெளிவந்தது. சங்க இலக்கியத்தில் ஆழ்ந்த யாரோஸ்லாவ் வாட்செக் அதே பல்கலைக்கழகத்தில் அந்தப் பணியைத் தொடர்ந்தார். பழைய நகரத்தில் அந்தப் பல்கலைக்கழகக் கட்டடங்களைக் கடந்து போகும் தமிழர்கள் ஒரு நிமிடம் நிற்கலாம். இப்படி ஒரு துறையை ஏந்தி வளர்க்கும் வலிமை தலைநகருக்கே வாய்க்கிறது.

மூன்று மணி நேர உரிமை

செக் நாடு 2004 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் நாணயம் இன்றும் கொருனாதான், யூரோ அல்ல. பிராகில் சுற்றுலாப் பகுதியில் பணம் மாற்றும் சில கடைகள் அநியாய விகிதம் கொடுக்கும். 2019 முதல் சட்டம் உங்கள் பக்கம்: 1,000 யூரோ மதிப்பு வரையான பணமாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் ரசீதோடு போய் ரத்து செய்து முழுப் பணத்தையும் திரும்பப் பெறலாம். ரசீதைக் கசக்கி எறிந்துவிடாதீர்கள்.

மெட்ரோவில் தடுப்புக் கதவு இல்லை என்று ஏமாந்துவிடவும் வேண்டாம். காகிதச் சீட்டை மஞ்சள் பெட்டியில் செருகி முத்திரை பதித்தால்தான் அது சீட்டு. சாதாரண உடையில் பரிசோதகர்கள் வருவார்கள்.

"பழைய பொஹீமியப் பலகாரம்"

இரண்டு ஊர்களிலும் தெருவுக்குத் தெரு உருளையில் சுற்றிச் சுட்டு, சர்க்கரை தூவி விற்கும் டிர்டெல்னிக் பிராகின் பழைய மரபு அல்ல. அதன் பெயர்பெற்ற ஊர் ஸ்லோவாக்கியாவின் ஸ்கலிட்சா. 2007இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பும் அந்த ஊர்ப் பலகாரத்துக்கே கிடைத்தது. பிராக் தெருக்களில் அது பெருகியது சுற்றுலாவோடு.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு

தடித்த பாலாடைக்கட்டித் துண்டை ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்து உருளைக்கிழங்கோடு தரும் ஸ்மாஷெனி சிர், பூண்டு மணக்கும் உருளைக்கிழங்கு அடையான பிரம்பொராக் இரண்டும் எந்த ஊரிலும் கிடைக்கும். பூண்டு சூப்பை வாங்குமுன் இறைச்சிச் சாற்றில் செய்ததா என்று கேட்டுவிடுங்கள். பிராகில் சைவ உணவகங்களும் இந்திய உணவகங்களும் நிறைய. க்ரும்லோவில் தேர்வு குறைவு. ஆனாலும் பட்டினி கிடக்க வேண்டியதில்லை.

போகும் வழி

பிராகில் அந்தெல் மெட்ரோ நிலையத்தை ஒட்டிய நா க்னிஷெட்சி பேருந்து நிலையத்திலிருந்து க்ரும்லோவுக்குப் பேருந்து உண்டு. ஏறத்தாழ மூன்று மணி நேரம். கோடையில் முன்பதிவு கட்டாயம். ரயிலிலும் அதே நேரம்தான் ஆகும், ஆனால் க்ரும்லோவ் ரயில் நிலையம் ஊரை விட்டு விலகி மேட்டின்மேல் இருக்கிறது. உருளும் பெட்டியை இழுத்துக்கொண்டு கற்கள் பாவிய தெருவில் இறங்குவது கைக்கும் பெட்டிக்கும் சோதனை. முதுகுப்பை இருந்தால் பேருந்தும் ரயிலும் ஒன்றே, இல்லையென்றால் பேருந்து.

திங்கள்கிழமை

செக் நாட்டின் அரசுக் கோட்டைகள் பெரும்பாலும் திங்கள்கிழமை உள்சுற்றுக்கு விடுமுறை. நவம்பர் முதல் மார்ச் வரை க்ரும்லோவ் கோட்டையின் அறைகளும் தோட்டமும் மூடியிருக்கும். குளிர்காலம்தான் வாய்க்கிறது என்றால் பிராகைத் தேர்ந்தெடுங்கள். ஏப்ரல் கடைசி, மே, செப்டம்பர் என்றால் க்ரும்லோவுக்கு இரண்டு இரவு ஒதுக்குங்கள்.

மூன்றே நாள் என்றால்

க்ரும்லோவை விட்டுவிட்டு பிராகிலேயே தங்குங்கள். ஒருநாள் மட்டும் குட்னா ஹோரா போய் வாருங்கள். ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். இன்று சிறிய ஊர். அன்று வெள்ளிச் சுரங்கங்களின் பலத்தில் செல்வத்தில் பிராகோடு போட்டியிட்ட ஊர். 1300இல் அரசர் இரண்டாம் வென்செஸ்லாஸ் இங்கேதான் 'பிராக் க்ரோஷன்' என்ற வெள்ளி நாணயத்தை அடிக்கத் தொடங்கினார். பெயர் பிராகுடையது, வெள்ளி குட்னா ஹோராவுடையது. சுரங்க வருமானத்தில் ஊரார் 1388இல் தொடங்கிய புனித பார்பரா ஆலயம், வெள்ளி வற்றியதால் நின்று, 1905இல்தான் நிறைவு கண்டது.

செட்லெட்ஸ் பகுதியில் இருக்கும் எலும்பு ஆலயத்தில் பல்லாயிரம் மனிதர்களின் எலும்புகளை 1870இல் ஒரு மரத்தச்சர் விளக்குக் கொத்தாகவும் சின்னமாகவும் அடுக்கினார். அங்கே இருக்கும் எலும்புச் சின்னம் க்ரும்லோவை ஆண்ட அதே ஸ்வார்சன்பெர்க் குடும்பத்துடையது. 2020 முதல் அனுமதியில்லாமல் உள்ளே படம் எடுக்கக் கூடாது. பார்வையாளர்கள் மண்டையோடுகளோடு முகம் சேர்த்துப் படம் எடுத்ததால் வந்த தடை, நியாயமான தடை. முதன்மை ரயில் நிலையம் இந்த ஆலயத்துக்கு அருகில்தான். பழைய ஊர் அங்கிருந்து சுமார் மூன்று கி.மீ.

பெரும்பாலோர் கடந்து போகும் ஊர்

பிராகிலிருந்து தெற்கே செஸ்கே புடெயோவிட்சே போகும் ரயில் பாதி வழியில் தாபோரில் நிற்கும். க்ரும்லோவுக்கு ரயிலில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். இறங்கி ஓர் அரைநாள் கொடுக்கலாம். மற்ற ஊர்கள் பெரும்பாலும் பிரபுக்களோ அரசர்களோ உண்டாக்கியவை. தாபோர் 1420 வசந்தத்தில் மன்னரையும் திருச்சபையையும் எதிர்த்த ஹுஸைட் மக்கள் தாங்களே உண்டாக்கிய ஊர். வந்து சேர்ந்தவர்கள் தங்கள் உடைமைகளைச் சதுக்கத்தில் வைத்த பொதுத் தொட்டிகளில் போட்டார்கள். தெருக்கள் வளைந்து நெளிந்திருப்பது உள்ளே வரும் எதிரி குழம்பட்டும் என்றுதான் என்பார்கள். வீடுகளுக்கு அடியில் நிலவறைகள் சுரங்கமாய் இணைந்து கிடக்கின்றன. அவற்றின் ஒரு பகுதிக்குள் இறங்கிப் பார்க்கலாம்.

அதே ஆண்டு கோடையில் மன்னர் சிகிஸ்முண்டின் படை பிராகை முற்றுகையிட்டது. தலைநகரைக் காக்க ஆள் கேட்டபோது, பிறந்து சில மாதங்களே ஆன தாபோரிலிருந்து ஒற்றைக்கண் தளபதி யான் ஷிஷ்கா தன் படையோடு வந்தார். ஜூலை 14 அன்று விட்கோவ் குன்றில் நடந்த சண்டையில் முற்றுகை உடைந்தது. அந்தக் குன்றின் மேல் குதிரையில் அமர்ந்த அவருடைய வெண்கலச் சிலை, உலகின் பெரிய குதிரைவீரர் சிலைகளில் ஒன்று, 1950இல் திறக்கப்பட்டது. குன்றைச் சுற்றிய பிராகின் பேட்டைக்கு அவர் பெயரால் ஷிஷ்கோவ் என்றே பெயர்.